திருப்பித் தர வேண்டியவர் யார்? மெமரி லீக் குறிப்புகள்

முதலில் ஒரு கணக்கு. வெப் சர்வருக்குள் லோடு ஆகியிருக்கும் ஒரு லைப்ரரி, ரிக்வெஸ்ட் ஒன்றுக்கு 100 பைட் வாங்கிக்கொண்டு திருப்பித் தராமல் விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 100 ரிக்வெஸ்ட் வரும் சர்வரில் ஒரு நாளில் இது 864 எம்பி ஆகிவிடும். 4 ஜிபி ஒதுக்கப்பட்ட கன்டெய்னர் ஐந்தாம் நாளைத் தாண்டாது. எழுதியவர் தன் கணினியில் பத்து ரிக்வெஸ்ட் அனுப்பிப் பார்த்திருப்பார். அங்கே கூடியது ஒரு கேபிகூட இல்லை. யார் கண்ணிலும் பட்டிருக்காது.

சிறிய லீக்கைத் தேட நாள்கணக்கில் உட்கார வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் பெருக்கலைத்தான் போட்டுக் காட்டுவேன்.

*

சிஜிஐ காலத்தில் இந்தக் கவலை இல்லை. ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் புதிதாக ஒரு ப்ராசஸ் பிறக்கும். பதிலை எழுதிவிட்டு முடிந்துபோகும். அது வைத்திருந்த மெமரி மொத்தத்தையும் ஆபரேட்டிங் சிஸ்டம் எடுத்துக்கொள்ளும். 1996-இல் மாட்-பெர்ல் வந்து பெர்ல் மொழியை அப்பாச்சிக்குள்ளேயே குடியேற்றியது. வேகம் கூடியது. கூடவே, ஒரு நொடியில் முடிந்துகொண்டிருந்த நிரல் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கத் தொடங்கியது.

கமாண்ட் லைனில் ஓடி முடியும் கருவிக்காக எழுதிய லைப்ரரியைச் சர்வருக்குள் கொண்டுவரும்போதெல்லாம் இதேதான் நடக்கிறது. லைப்ரரியில் ஒரு வரியும் மாறவில்லை. அது உயிரோடு இருக்க வேண்டிய காலம் மாறிவிட்டது. எனவே எந்த லைப்ரரியைச் சேர்ப்பதற்கு முன்பும் ஒன்றை விசாரிப்பேன்: இதை யாராவது நீண்ட நாள் ஓடும் ப்ராசஸில் வைத்து ஓட்டியிருக்கிறார்களா?

*

மெமரி ஏறுவதெல்லாம் லீக் ஆகாது. ஒரே அளவு லோடைத் தொடர்ந்து கொடுத்து, ப்ராசஸ் ராமில் பிடித்திருக்கும் அளவை (ஆர்எஸ்எஸ்) நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து, வரைந்து பார்க்க வேண்டும்.

ஏறிவிட்டுச் சமதளமாக நின்றால், கேஷ் நிரம்பியிருக்கிறது. விட்டுவிடலாம்.

படிக்கட்டாக ஏறினால், ஏதோ ஒரு டேபிள் நிரம்பி நிரம்பி இரட்டிப்பாகிறது. அந்த டேபிளிலிருந்து எதையாவது எப்போதாவது நீக்குகிறார்களா என்று பார்க்க வேண்டும். எல்லை வைக்காத கேஷும் லீக்தான்.

நேர்கோடாக ஏறினால், லோடை இரட்டிப்பாக்கிப் பார்க்கலாம். சரிவும் இரட்டித்தால் ரிக்வெஸ்ட் போகும் பாதையில் தேடலாம். லோடே இல்லாதபோதும் ஏறிக்கொண்டிருந்தால் டைமர், பின்னணி த்ரெட், ஹெல்த் செக், லாக் அனுப்பும் ஏஜென்ட் ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டும்.

இதை வரையாமல் கருவிகளைக் கையில் எடுப்பவர்கள், இல்லாத லீக்கைத் தேடி ஒரு வாரத்தைக் கழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

*

லினக்ஸில் ஆளை ஏமாற்றுவது ஜிலிப்சியின் மேலாக். த்ரெட்டுகள் ஒன்றுக்கொன்று காத்திருக்காமல் இருக்க, அது மெமரியைப் பல அரீனாக்களாகப் பிரித்துக்கொள்கிறது. 64 பிட் கணினியில் இயல்பான உச்சவரம்பு, கோர் எண்ணிக்கையைப் போல 8 மடங்கு. 32 கோர் என்றால் 256 அரீனா வரை போகலாம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் காலி இடம் தங்கிக்கொண்டே இருக்கும். நிரல் ஃப்ரீ செய்துவிட்டது. ஆனால் கெர்னலுக்கு அது திரும்பிப் போகவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அசல் லீக் போலவே தெரியும்.

சோதிக்க இரண்டு வழி. மேலாக்_அரீனா_மேக்ஸ் என்ற சூழல் மாறியில் 2 என்று வைத்து மறுபடி ஓட்டுவது ஒன்று. சோதனைச் சர்வரில் ஜிடிபியை இணைத்து, மேலாக்_ட்ரிம் ஃபங்ஷனை அழைத்துப் பார்ப்பது இன்னொன்று. அழைத்ததும் ஆர்எஸ்எஸ் சடாரென்று இறங்கினால், அந்த மெமரிக்கு உரிமை கொண்டாட நிரலில் யாரும் இல்லை என்று பொருள். அது அலாகேட்டரின் பழக்கம். ஜெமேலாக்குக்கு மாறினாலே பல சர்வர்களில் இந்தத் தொல்லை தீர்ந்துவிடுகிறது.

*

லீக் போலத் தெரிந்து லீக் அல்லாததற்கு இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு, பைத்தானில் ஓடும் இன்ஸ்டாகிராம். 2017 தொடக்கத்தில் அவர்களுடைய பொறியாளர்களே இதை விரிவாக எழுதினார்கள். மாஸ்டர் ப்ராசஸ் ஃபார்க் ஆகும்போது, பிள்ளை ப்ராசஸ்கள் எல்லாம் ஒரே மெமரிப் பக்கங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. யாராவது ஒரு பக்கத்தில் எழுதினால் அந்தப் பக்கம் மட்டும் நகலாகும். பைத்தானின் கார்பேஜ் கலெக்டர் தன் கணக்குக்காக ஒவ்வொரு ஆப்ஜெக்டின் தலைப்பகுதியையும் தொட்டது. தொட்ட பக்கமெல்லாம் நகலாகிப் பகிர்வு கரைந்தது. எந்த ஆப்ஜெக்டும் தொலையவில்லை, ஆனாலும் மெமரி ஏறியது. அவர்கள் அப்போது கலெக்டரையே நிறுத்தினார்கள். அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக 2018-இல் பைத்தான் 3.7-இல் ஜிசி.ஃப்ரீஸ் வந்தது.

ஃபார்க் ஆகும் சர்வரில் ஆர்எஸ்எஸ்ஸை மட்டும் கூட்டிப் பார்த்தால், பகிர்ந்த பக்கங்கள் திரும்பத் திரும்பக் கணக்கில் ஏறும். ஸ்மேப்ஸ் கோப்பில் உள்ள பிஎஸ்எஸ் அந்தப் பக்கங்களைப் பங்கு பிரித்துக் காட்டும். அதைத்தான் நம்புகிறேன்.

*

லீக்தான் என்று உறுதியான பின் செய்வது, சர்வரைச் சிறிதாக்குவது. அப்பாச்சியில் -எக்ஸ் கொடுத்தால் ஒரே ப்ராசஸாக ஓடும். என்ஜின்எக்ஸில் மாஸ்டர் ப்ராசஸை அணைத்துவிடலாம். பிறகு லோட்மாட்யூல் வரிகளில் பாதியை மூடி ஓட்டுவது, மீதியில் பாதி, அதிலும் பாதி. ஐம்பது மாட்யூல் இருந்தாலும் ஆறு சுற்றுக்குள் ஒன்றில் வந்து நிற்கும்.

ரிக்வெஸ்டுகளை அனுப்பும்போது உருண்டை எண்ணாக 1000 அனுப்பக் கூடாது. 997 அனுப்ப வேண்டும். அது பகா எண். பிறகு, லீக் தேடும் கருவியான வால்கிரைண்டின் அறிக்கையில் 997 பிளாக் அல்லது 1994 பிளாக் தொலைந்ததாக ஒரு வரி வந்தால், அது ரிக்வெஸ்டுக்கு ஒன்று அல்லது இரண்டு என்று கசிவது உறுதி. தொடக்கத்தில் ஒரே ஒருமுறை வாங்கி வைத்தவை 1, 3, 40 என்று தனியே நிற்கும். நூற்றுக்கணக்கான வரிகளில் எதைப் படிக்க வேண்டும் என்பதை இந்த எண்ணே சொல்லிவிடும்.

*

வால்கிரைண்டின் மெம்செக், தொலைந்ததை நான்கு கூடையில் போடுகிறது: உறுதியாகத் தொலைந்தது, அதன் வழியாகத் தொலைந்தது, தொலைந்திருக்கக்கூடியது, இன்னும் எட்டக்கூடியது. முதல் கூடையோடு நிறுத்திக்கொள்பவர்கள் அதிகம். சர்வரில் நான்காவதையும் பார்த்தே ஆக வேண்டும். குளோபல் லிஸ்ட் ஒன்றில் சேர்த்துக்கொண்டே போகும் லைப்ரரியின் மெமரி கடைசி வரை எட்டக்கூடியதாகவே இருக்கும். கருவியின் கண்ணில் அது குற்றம் அல்ல. சர்வரைச் சாகடிப்பதோ அதுதான்.

முடிவில் வரும் அறிக்கைக்குக் காத்திருக்கவும் வேண்டாம். வால்கிரைண்டோடு வரும் விஜிடிபி வழியாக, ஓடிக்கொண்டிருக்கும்போதே லீக் சோதனையைக் கேட்கலாம். சென்ற முறையைவிடக் கூடியதை மட்டும் காட்டு என்றும் சொல்லலாம். நான்காவது கூடையைப் பிரித்துப் படிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஸ்டாக் ட்ரேஸில் பெயருக்குப் பதில் கேள்விக்குறிகள் வந்தால் மாட்யூல் ஏற்கெனவே அன்லோடு ஆகியிருக்கலாம். 2018-இல் வந்த 3.14 பதிப்பிலிருந்து, டீபக் தகவலை வைத்துக்கொள்ளச் சொல்லும் ஆப்ஷன் இருக்கிறது. வால்கிரைண்டில் நிரல் 20 முதல் 30 மடங்கு மெதுவாகும் என்பதால் நேரடிச் சர்வரில் அதை ஓட்ட முடியாது.

*

பைத்தானில் ஒரு குறுக்குச் சோதனை. 3.4-இலிருந்து இருக்கும் ட்ரேஸ்மேலாக், பைத்தானின் சொந்த அலாகேட்டர் வழியாகப் போனதை மட்டுமே எண்ணும். ட்ரேஸ்மேலாக் சமதளமாக இருக்க ஆர்எஸ்எஸ் மட்டும் ஏறினால், பைத்தான் கோட்டைப் புரட்டுவதை நிறுத்திவிடலாம். அடியில் இருக்கும் சி லைப்ரரியில் தேட வேண்டும்.

*

கருவிகள் எல்லாம் ஒன்றைத்தான் சொல்கின்றன: இந்த மெமரி எங்கே வாங்கப்பட்டது. எங்கே திருப்பித் தந்திருக்க வேண்டும், யார் தந்திருக்க வேண்டும் என்று எந்தக் கருவியும் சொல்லாது. இரண்டு பேர் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்து கோடு எழுதியிருக்கிறார்கள். அழைத்தவர் ஃப்ரீ செய்வார் என்று லைப்ரரி எழுதியவர் நினைத்தார். லைப்ரரியே பார்த்துக்கொள்ளும் என்று அழைத்தவர் நினைத்தார். நான் கண்ட லீக்குகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு நினைப்புக்கும் நடுவே இருந்தவை.

ஆகவே ட்ரேஸ் கிடைத்ததும் கோட்டைத் திருத்தப் பாயாமல், அந்த ஃபங்ஷனின் ஆவணத்தில் உரிமை பற்றிய வரியை முதலில் தேடுகிறேன்.

*

ஓபன்எஸ்எஸ்எல்லில் அந்த உரிமை பெயரிலேயே இருக்கிறது. கெட்0 என்று வரும் ஃபங்ஷன் உள்ளே இருக்கும் பாயின்டரைக் காட்டும். அதை ஃப்ரீ செய்யக் கூடாது. கெட்1 என்று வந்தால் ரெஃபரன்ஸ் கவுன்ட் ஒன்று கூடியிருக்கிறது. வாங்கியவர்தான் ஃப்ரீ செய்ய வேண்டும். எதிர்முனையின் சான்றிதழைக் கேட்கும் எஸ்எஸ்எல்_கெட்_பியர்_சர்டிஃபிகேட் நீண்ட காலம் இந்த ஒழுங்குக்கு வெளியே நின்றது. பெயரில் எண் இல்லை, ஆனால் கவுன்ட்டைக் கூட்டும். அதன்பின் எக்ஸ்509_ஃப்ரீயை அழைக்காவிட்டால் கனெக்ஷனுக்கு ஒரு சான்றிதழ் தங்கிவிடும். 2021-இல் வந்த 3.0 பதிப்பில் கெட்1 வடிவமும் கெட்0 வடிவமும் தனித்தனியாக வந்துவிட்டன. ஒரு எழுத்தளவு மாற்றம்தான். இனி எழுதப்போகும் எத்தனையோ மாட்யூல்களை அது காப்பாற்றும்.

லிப்எக்ஸ்எம்எல்2-இல் எக்ஸ்எம்எல்கெட்ப்ராப் ஆட்ரிபியூட்டின் மதிப்பை நகலெடுத்துத் தருகிறது. ‘கெட்’ என்பதைப் பார்த்து, உள்ளே இருப்பதைத்தான் காட்டுகிறது என்று நினைத்துவிடுவார்கள். எக்ஸ்எம்எல்ஃப்ரீ செய்வது அழைத்தவர் பொறுப்பு.

பைத்தானின் சி ஏபிஐயில் ஒரு ஜோடி: பைலிஸ்ட்_கெட்ஐட்டம் கடன் ரெஃபரன்ஸ் தரும், பைசீக்வென்ஸ்_கெட்ஐட்டம் சொந்த ரெஃபரன்ஸ் தரும். அதே லிஸ்டிலிருந்து அதே உறுப்பை எடுத்தாலும், எந்த ஃபங்ஷன் வழியாக எடுத்தோம் என்பதே பொறுப்பைத் தீர்மானிக்கிறது. முதலாவதை இரண்டாவதாக மாற்றிவிட்டு, கவுன்ட்டைக் குறைக்கும் வரியைச் சேர்க்காமல் விட்டால், அந்த இடத்தில் ஒரு லீக் தொடங்கிவிட்டது.

*

அப்பாச்சி இந்தக் கேள்வியையே வேறு விதமாகத் தீர்த்தது. 1995-இல் ராபர்ட் தாவ் வடிவமைத்த புதிய கட்டமைப்பில் பூல் முறை வந்தது. ரிக்வெஸ்டுக்கு ஒரு பூல், கனெக்ஷனுக்கு ஒரு பூல், சர்வருக்கு ஒரு பூல். வாழையிலையில் பரிமாறுவது போல, அந்த ரிக்வெஸ்டுக்கு வேண்டிய எல்லாம் அதன் பூலில் வைக்கப்படும். முடிந்ததும் இலையை மடித்து எடுப்பதோடு சரி. ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஃப்ரீ செய்ய வேண்டியதில்லை.

ஆனாலும் மூன்று இடத்தில் கோளாறு வருகிறது. ஒன்று, தவறான பூல்: ரிக்வெஸ்ட் பூலில் வைக்க வேண்டியதைக் கனெக்ஷன் பூலில் வைத்தால், கீப்அலைவ் கனெக்ஷன் திறந்திருக்கும் வரை சேர்ந்துகொண்டே போகும். சர்வர் பூலில் வைத்தால் ரீஸ்டார்ட் வரை போகாது. இரண்டு, நீண்ட லூப்: ஒரே ரிக்வெஸ்டில் லட்சம் வரிகளைச் செயல்படுத்தி ஒவ்வொன்றுக்கும் பூலில் இடம் கேட்டால், முடியும் வரை எதுவும் திரும்பாது. லூப்புக்கென்று ஒரு துணைப் பூல் வைத்து, சுற்றுக்குச் சுற்று துடைக்க வேண்டும். மூன்று, பூலுக்கு வெளியே: மாட்யூல் அழைக்கும் வெளி லைப்ரரி மேலாக்கில் வாங்கியது பூலுக்குத் தெரியாது. வாங்கிய அடுத்த வரியிலேயே கிளீனப் ஃபங்ஷனைப் பூலில் பதிவு செய்துவிட வேண்டும்.

பூலுக்குள் நடக்கும் தவறுகளை வால்கிரைண்ட் காட்டுவதில்லை. பூல் கடைசியில் முழுதாகத் திரும்பிவிடுகிறதே. அப்பாச்சியின் அடித்தள லைப்ரரியான ஏபிஆரைப் பூல்-டீபக் வசதியோடு கம்பைல் செய்தால்தான் யார் எந்தப் பூலில் எவ்வளவு வாங்கினார்கள் என்பது வெளியே வரும்.

*

2012 அக்டோபர் 22. வட வர்ஜீனியாவில் அமேசானின் இபிஎஸ் சேமிப்புச் சேவை முடங்கி, அதை நம்பியிருந்த பல தளங்களும் நின்றன. பிறகு அமேசான் வெளியிட்ட விளக்கம் ஒவ்வொரு சர்வர் பொறியாளரும் படிக்க வேண்டியது. பழுதான ஒரு தரவு சேகரிப்புச் சர்வரை மாற்றினார்கள். புதிய டிஎன்எஸ் விவரம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரவில்லை. சேமிப்புச் சர்வர்களில் இருந்த ஏஜென்ட்டுகள் இல்லாத சர்வரைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்ள முயன்றன. தோற்ற முயற்சி ஒவ்வொன்றும் கொஞ்சம் மெமரியை விழுங்கியது.

கனெக்ஷன் கிடைத்துக்கொண்டிருந்த வரை அந்த லீக் இருந்ததே தெரியாது. கோளாறு நேரும்போது மட்டும் ஓடும் வரிகளை யாரும் லோடு டெஸ்டில் ஓட்டுவதில்லை. நடுவில் ரிட்டர்ன் ஆகிவிடும் இஃப் வரியைக் கண்டால், அதற்கு மேலே வாங்கியதெல்லாம் என்ன ஆகிறது என்று விரலை வைத்துப் படிக்க வேண்டும். டெஸ்டில் பாதி ரிக்வெஸ்டுகள் கெட்டவையாக இருக்கட்டும்: உடைந்த எக்ஸ்எம்எல், பாதியில் அறுந்த கனெக்ஷன், காலாவதியான சான்றிதழ், பதில் தராத டேட்டாபேஸ்.

*

ஜாவாவில் கார்பேஜ் கலெக்டர் இருக்கிறதே, அங்கே லீக் ஏன் என்று இளையவர்கள் கேட்கிறார்கள். யாரும் பிடித்துக்கொண்டிராததைத்தான் கலெக்டர் எடுக்கும். டாம்கேட்டில் ஒரு அப்ளிகேஷனை ரீடிப்ளாய் செய்யும்போது, பழையதன் கிளாஸ்லோடர் முழுவதும் போக வேண்டும். ஆனால் த்ரெட் பூலில் இருக்கும் ஒரு த்ரெட், அந்த அப்ளிகேஷன் வைத்த த்ரெட்லோக்கல் மதிப்பை இன்னும் பிடித்திருக்கிறது. மதிப்பு தன் கிளாஸைப் பிடித்திருக்கிறது. கிளாஸ் தன் கிளாஸ்லோடரை. கிளாஸ்லோடர் தான் ஏற்றிய எல்லா லைப்ரரிகளின் எல்லாக் கிளாஸையும். ஒரு சின்ன ஆப்ஜெக்ட்டால் மொத்த அப்ளிகேஷனும் தங்கிவிடுகிறது. ட்ரைவர்மேனேஜரில் பதிவாகி, பதிவை நீக்காமல் விட்ட ஜேடிபிசி ட்ரைவரும் இதையே செய்யும்.

2010-இல் வந்த டாம்கேட் 6.0.24 இவற்றைக் கண்டுபிடித்து எச்சரிக்கவும், முடிந்தவரை தடுக்கவும் தொடங்கியது. 2014-இல் ஜாவா 8 பெர்ம்ஜென்னை எடுத்துவிட்டு மெட்டாஸ்பேஸைக் கொண்டுவந்தது. அதற்கு இயல்பாக எல்லை இல்லை; எனவே லீக் அப்படியே இருந்து, விழும் நேரம் மட்டும் தள்ளிப்போயிற்று. ஹீப் டம்ப் எடுத்து, எக்லிப்ஸ் மேட் கருவியில் பழைய கிளாஸ்லோடரிலிருந்து ஜிசி ரூட் வரை போகும் பாதையைக் கேட்டால், பிடித்திருக்கும் கை யாருடையது என்று பெயரோடு வரும்.

*

எதிர்த்திசையிலும் ஒரு ஆபத்து. லீக்கை அடைக்கிறேன் என்று ஒரு மாட்யூல் தன் வேலை முடிந்ததும் எக்ஸ்எம்எல்கிளீனப்பார்சரை அழைத்தது என்றால், அதே ப்ராசஸில் லிப்எக்ஸ்எம்எல்2-ஐப் பயன்படுத்தும் மற்ற மாட்யூல் சரியலாம். லைப்ரரியின் ஆவணமே இதை எச்சரிக்கிறது. லைப்ரரி முழுவதற்குமான துவக்கமும் முடிவும் ப்ராசஸின் சொத்து. ஒரு மாட்யூல் அதைத் தனதென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்பாச்சி துவங்கும்போதே கன்ஃபிகரேஷனை இருமுறை படித்து மாட்யூல்களை இருமுறை ஏற்றுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஸ்டாட்டிக் மாறியில் எதையாவது வாங்கி வைத்தால், ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் பழைய பிரதி தொலையும்.

*

நேரடிச் சர்வரில்தான் வருகிறது, வேறெங்கும் வரவில்லை என்றால்: பிசிசி தொகுப்பின் மெம்லீக், ஓடும் ப்ராசஸோடு இணைந்து, இன்னும் திரும்பாத அலாகேஷன்களை ஸ்டாக் வாரியாகத் தரும். ஜெமேலாக்கைப் ப்ரொஃபைலிங் வசதியோடு கம்பைல் செய்திருந்தால், சாம்பிள் எடுத்து இரண்டு நேரத்துப் ப்ரொஃபைல்களை ஒப்பிடலாம்.

கோர் டம்ப் எடுத்தால் கவனம் வேண்டும். அதில் மக்களின் கடவுச்சொல், செஷன் குக்கீ, தனிச்சாவி எல்லாம் அப்படியே இருக்கும். அதை மெயிலில் அனுப்புவதும், பொதுச் சர்வரில் போட்டு வைப்பதும் கூடாது. ஆய்வு முடிந்ததும் அழித்துவிட வேண்டும். நம்மிடம் அந்த விவரங்களைத் தந்தவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை இது.

*

ரீசைக்கிள் பற்றி, அதாவது ப்ராசஸை அவ்வப்போது முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது பற்றி. அப்பாச்சியில் மேக்ஸ்கனெக்ஷன்ஸ்பர்சைல்டு, இயல்பு 0, அதாவது எல்லை இல்லை. ஐஐஎஸ்ஸில் அப்ளிகேஷன் பூல் இயல்பாக 1740 நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். அது 29 மணி நேரம், ஆகவே தினமும் ஒரே வேளையில் வராது. குனிகார்னில் மேக்ஸ்_ரிக்வெஸ்ட்ஸோடு ஜிட்டரும் உண்டு, எல்லா ஒர்க்கரும் ஒன்றாகச் செத்துப் பிறக்காமல் இருக்க.

இவற்றைப் பயன்படுத்துவதில் குற்றம் ஏதும் இல்லை. இரவு மூன்று மணிக்கு விழும் சர்வரை முதலில் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஆனால் அந்த எண்ணை வைக்கும் வரிக்கு மேலே, எந்த லீக்குக்காக வைத்தோம், எந்தத் தேதியில் வைத்தோம் என்று எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் அடுத்து வருபவருக்கு அது காரணம் தெரியாத சடங்காகிவிடும். எடுக்கவும் பயம், விடவும் பயம். லோடு பல மடங்கு ஏறும் ஒரு பண்டிகை விற்பனை நாளில் அந்த எண் போதாமல் போகும்.

*

திருத்தியாயிற்று என்று எப்போது சொல்லலாம்? அதே 997 ரிக்வெஸ்ட், அதே கன்ஃபிகரேஷன்; அறிக்கையில் அந்த வரி இல்லை. பிறகு நீண்ட லோடில் ஓட்டி வரைபடம் சமதளமானது. பிறகு அந்தச் சோதனை தானாக ஓடும் டெஸ்டுகளோடு சேர்ந்தது. மூன்றும் நடந்த பின்தான்.

லீக் வேறொருவர் லைப்ரரியில் என்றால், நம் பிரதியில் மட்டும் ஒட்டுப் போட்டுவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. சர்வரே இல்லாமல் லீக்கைக் காட்டும் முப்பது வரி நிரல் ஒன்று, வால்கிரைண்ட் ட்ரேஸ், லைப்ரரியின் பதிப்பு எண், திருத்தம், கூடவே ஆவணத்தில் சேர்க்க ஒரு வாக்கியம்: இந்த ஃபங்ஷன் தரும் மெமரியை யார், எப்போது, எந்த ஃபங்ஷனால் திருப்ப வேண்டும். அந்த லைப்ரரிகளில் பலவற்றைப் பராமரிப்பவர்கள் தங்கள் சொந்த நேரத்தில் அதைச் செய்பவர்கள். திருத்தத்தை அவர்கள் வேறு விதமாக எழுதிக்கொள்ளலாம். அந்த வாக்கியம் மட்டும் உள்ளே போகும் வரை விடாமல் கேட்க வேண்டும். நாளை இதே ஃபங்ஷனை அழைக்கப்போகும் முகம் தெரியாத ஒருவருக்கு நம்மால் செய்ய முடிந்தது அதுதான்.